வளர்ந்தோரும் ஆட்டிச உறுதிப்பாடும்: நெகிரி செம்பிலான் தோட்டப்புறப் பின்னணியில் ஒரு நோக்கு

ஆட்டிசம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது ஒரு குழந்தையே ஆகும். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பாராத குழந்தை, விளையாட்டு வண்டியின் சக்கரத்தை மட்டும் சுழற்றிக்கொண்டிருக்கும் குழந்தை என்றவாறே செய்தித்தாள்களும் தொலைக்காட்சியும் அதனை நமக்கு அறிமுகம் செய்துள்ளன. மலேசியச் சுகாதார அமைச்சு 2014ஆம் ஆண்டு வெளியிட்ட ஆட்டிச மருத்துவ வழிகாட்டி நூலும் தன் தலைப்பிலேயே குழந்தைகளையும் பதின்ம வயதினரையும் மட்டுமே குறிப்பிடுகின்றது. ஆனால், குழந்தை வளர்கிறது; ஆட்டிசமோ வளர்ந்தபின் உதிர்ந்துவிடும் பாற்பல் அன்று. அவ்வாறாயின், இச்சொல் நம் நாட்டில் வழங்கத் தொடங்குமுன்னரே பிறந்து வளர்ந்துவிட்ட ஆட்டிசத்தினர் எங்கே இருக்கின்றனர் என்னும் வினா எழுகின்றது.

இங்கிலாந்தில் 2007ஆம் ஆண்டு நடத்தப்பெற்ற வளர்ந்தோர் மனநலக் கணக்கெடுப்பு இவ்வினாவிற்கு ஒரு விடை தந்தது. புருகா என்னும் ஆய்வாளரும் அவர்தம் குழுவினரும் 2011இல் வெளியிட்ட முடிவுகளின்படி, தத்தம் வீடுகளில் வாழும் வளர்ந்தோருள் ஏறத்தாழ 100 பேருக்கு ஒருவர் ஆட்டிச வரையறைக்குள் அடங்கினர். குழந்தைகளிடையே காணப்பட்ட விகிதமும் ஏறக்குறைய அதுவே. அவர்களுள் மிகப் பலர் தம் நிலை இன்னதென்று அறியாமலே வாழ்ந்து வந்தனர் என்பதுதான் கருதத்தக்கது. உலக அளவில் 2021இல் 127 பேருக்கு ஒருவர் ஆட்டிசம் உடையவர் என உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. இவ்விகிதம் சிரம்பானுக்கும் பகாவுக்கும் மட்டும் பொருந்தாது என்று கொள்வதற்கு நமக்குக் காரணம் எதுவும் புலப்படவில்லை.

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பிறந்து, தோட்டத் தமிழ்ப்பள்ளியில் பயின்று, இன்று 40, 50, 60 வயதை எட்டிய ஒருவர், தம் பேரப்பிள்ளைக்கோ மகனுக்கோ ஆட்டிசம் என்று மருத்துவர் கூறக் கேட்டு, 'நானும் சிறுவயதில் இப்படித்தானே இருந்தேன்' என்று எண்ணத் தொடங்கும் நிலை இப்போது உருவாகி வருகின்றது. பிள்ளையின் வாயிலாகப் பெற்றோர் தம்மை அறிவது உலகெங்கும் காணப்படும் வழியே. அவ்வாறு ஐயுற்றவர் மருத்துவ உறுதிப்பாட்டை நாட வேண்டுமா, வேண்டாவா என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் வினா. இது மருத்துவர்க்கு மட்டுமே உரிய வினா அன்று. மொழி, நினைவு, பள்ளிப் பதிவேடு ஆகியன இதில் பங்கு கொள்கின்றன. ஆதலால் தமிழாசிரியர்க்கும் இதில் இடமுண்டு.

சொல்லும் அதன் வரலாறும்

ஆட்டிசம் என்பது 'தான்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது. சுவிட்சர்லாந்து நாட்டு மனநல மருத்துவர் புளூலர், மனச்சிதைவு நோயாளர் புறவுலகை விட்டுத் தம்முள் ஒடுங்குவதைக் குறிக்க 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதனை ஆக்கினார். அந்தப் பிறப்பே பின்னாளில் பல குழப்பங்களுக்கு வித்திட்டது. 1943இல் அமெரிக்காவில் லியோ கேனர் 11 குழந்தைகளைப் பற்றியும், 1944இல் வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 4 சிறுவர்களைப் பற்றியும் எழுதினர். இவ்விருவருக்கும் முன்னரே, 1920களின் நடுப்பகுதியில், மாஸ்கோவில் குருன்யா சுகரேவா என்னும் பெண் மருத்துவர் இதையொத்த சிறுவர்களை நுணுக்கமாக விவரித்திருந்தார். அவர் பெயர் நெடுங்காலம் எவராலும் நினைக்கப்படவில்லை. லோர்னா விங் 1981இல் எழுதிய கட்டுரையே ஆஸ்பெர்கரின் ஆய்வை ஆங்கில உலகிற்குப் பரவலாக அறிமுகப்படுத்தியது. நன்கு பேசுவோரும், படித்துத் தேறியோரும், வேலை செய்து சம்பாதிப்போரும் இவ்வகையுள் அடங்கலாம் என்ற கருத்து அதன் பின்னரே வேரூன்றியது. அமெரிக்க மனநல மருத்துவக் கழகம் 1994இல் ஆஸ்பெர்கர் நிலையைத் தனி வகையாகச் சேர்த்து, 2013இல் அனைத்தையும் ஒரே ஆட்டிச நிறமாலைக்குள் அடக்கியது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் 11ஆம் பகுப்பும் அவ்வழியையே பின்பற்றியது.

இவ்வாண்டுகளை வரிசைப்படுத்திக் காட்டுவதற்குக் காரணம் உண்டு. 1965இல் லிங்கித் தோட்டத்தில் பிறந்த ஒருவர் ஆறாம் ஆண்டை முடித்துத் தமிழ்ப்பள்ளியை விட்டு வெளியேறியபோது, பேசத் தெரிந்த ஆட்டிசச் சிறுவன் என்னும் கருத்தே லண்டனில்கூடப் பெரும்பாலார்க்கு இல்லை. மலேசியத் தேசிய ஆட்டிசச் சங்கம் தோன்றியது 1980களின் பிற்பகுதியில்தான். ஆகவே, 'ஏன் அப்போதே கண்டுபிடிக்கவில்லை' என்று பெற்றோரையோ ஆசிரியரையோ கேட்பது பொருந்தாது. கண்டுபிடிப்பதற்கு அப்போது பெயரே இல்லை. இருந்த விளக்கமோ கொடியது. 1967இல் வெளியான தம் நூலில் புரூனோ பெட்டல்ஹைம், தாயின் அன்பின்மையே ஆட்டிசத்திற்குக் காரணம் என்ற கருத்தைப் பரப்பினார். அக்கருத்து பின்னர் முற்றிலும் தவறென்று தள்ளப்பட்டது. பிறப்புவழிக் கூறுகளே முதன்மையானவை என்பதை 1977இல் இரட்டையரை வைத்துச் செய்யப்பட்ட ஆய்வு முதலாகப் பல ஆய்வுகள் காட்டின. எனினும், 'நீ சரியாக வளர்க்கவில்லை' என்று தாயைச் சுட்டும் விரல் இன்றும் முற்றாக மடங்கவில்லை.

தமிழில் இதற்கு 'மதியிறுக்கம்', 'தன்முனைப்புக் குறைபாடு' என்னும் கலைச்சொற்கள் வழங்குகின்றன. இரண்டும் நமக்கு நிறைவு தரவில்லை. மதி இறுகியது என்றால் அறிவு மழுங்கியது என்று கேட்போர் கொள்வர். தன்முனைப்போ இக்காலத் தமிழில் செருக்கைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. தம்மைப் பற்றி ஐயுற்று வருவோர்க்கு இவ்விரண்டில் எதைச் சூட்டினாலும் ஒரு பழியும் சேர்ந்தே வரும். ஆதலின், மலேசியத் தமிழர் நாவில் ஏற்கெனவே பழகிவிட்ட 'ஆட்டிசம்' என்பதையே இங்கு ஆள்கின்றோம். இது நோய் அன்று என்பதால் 'நோயறிதல்' என்பதையும் தவிர்த்து, 'மருத்துவ உறுதிப்பாடு' என்கின்றோம்.

தோட்டம் என்னும் அமைப்பு

சுங்கை ஊஜோங்கில் முதலில் காப்பியும், பின்னர் ரப்பரும் பயிராயின. சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைக்கும் இருப்புப்பாதை 1891இல் திறக்கப்பட்டது. லாபு, சிலியாவ், ரந்தாவ், லிங்கி, சுவா பெத்தோங், பிராட்வால் என்று மேற்கிலும், பகாவ், ஜெம்போல், கிம்மாஸ் என்று கிழக்கிலும் தோட்டங்கள் பரவின. கங்காணிமார் வழியாக வந்த தமிழர் லயங்களில் குடியமர்ந்தனர். 1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடிபெயர்வைத் தடை செய்த பின்னர், அம்மக்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே தோட்டத்தை நிறைத்தனர். இவ்வரலாறு நம் இதழ் வாசகர் நன்கறிந்தது.

இங்கு நாம் கவனிக்க வேண்டுவது, தோட்ட வாழ்வின் ஒழுங்குமுறை. விடியுமுன் பெரட்டு, பெயர் கூப்பிட்டவுடன் விடை. அதன் பின் தனக்கென வகுக்கப்பட்ட நிரை. அதில் ஏறத்தாழ 400 முதல் 600 மரங்கள். நேற்று வெட்டிய பட்டைக்கு ஒரு மயிரிழை கீழே இன்றைய வெட்டு. ஒரே கருவி, ஒரே பாதை, ஒரே வரிசை, மரங்களுக்கிடையே மனிதப் பேச்சற்ற அமைதி. பிறகு மங்கில் வடிந்த பாலைச் சேகரித்து நிறுத்தல். மாலையில் கோயில் மணி, திடல், லயம். எவர் எந்நேரத்தில் எங்கிருப்பார் என்பது அனைவர்க்கும் தெரியும். மாற்றத்தை வெறுக்கும், ஒன்றையே நுணுகிச் செய்வதில் நிறைவு காணும், கூட்டப் பேச்சில் களைத்துப்போகும் இயல்புடைய ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எளிதில் வாய்ப்பதில்லை. ஆட்டிச இயல்புடைய பலர் தோட்டத்தில் வெளியே தெரியாமல் வாழ்ந்ததற்கு இவ்வமைப்பே காரணமாக இருந்திருக்க வேண்டும் என்பது எம் கருத்து. கணக்கெடுத்து நிறுவப்பட்ட முடிபாக இதனைக் கூறவில்லை.

தோட்ட மக்கள் அத்தகையோரைக் கண்டுகொள்ளாமலும் இல்லை. 'அவன் ஒரு மாதிரி', 'அது வெகுளி', 'யாரோடும் ஒட்டாது', 'கூப்பிட்டால் வராது, தானாக வரும்' என்ற தொடர்கள் நம்முள் பலர் செவியில் விழுந்தவையே. தோட்டத்து லாரிகளின் எண்களையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தவர், கல்யாண வீட்டில் பந்தியில் அமராமல் பின்கட்டில் நின்று உண்டவர், உறுமி மேளம் தொடங்கியதும் காதைப் பொத்திக்கொண்டு ஓடியவர் என்று ஒவ்வொரு லயத்திலும் ஓரிருவரை முதியோர் நினைவுகூர்வர். இவர்கள் அனைவரும் ஆட்டிசம் உடையோர் என்று கூறுவது அறிவுடைமையாகாது. ஆனால், அவர்களுக்குத் தோட்டத்தில் ஓரிடம் இருந்தது என்பது மெய்.

இவ்விடத்தில் ஓர் ஒப்புமை பயனளிக்கும். கேனர் 1943இல் விவரித்த 11 குழந்தைகளுள் முதலாமவர் டொனால்டு டிரிப்லெட். மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்னும் சிற்றூரைச் சேர்ந்த அவர், ஊர் வங்கியில் வேலை பார்த்து, கோல்ஃப் ஆடி, தனியே நாடு பல சுற்றி, 2023இல் 89ஆம் வயதில் மறைந்தார். அவ்வூரார் அவர்தம் இயல்பை ஏற்று, அவரைக் காத்து நின்றனர் என்பதை டோன்வனும் சக்கரும் 2016இல் வெளியிட்ட நூல் விரிவாகக் காட்டுகின்றது. சிறிய, மாறாத, எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஊர் செய்யக்கூடிய நன்மை அது. எனினும், அவர் குடும்பம் அவ்வங்கியின் உரிமையில் பங்குடையது என்பதை மறக்கலாகாது. நம் தோட்டத்துத் தொழிலாளிக்கு அத்தகைய காப்பு ஏதுமில்லை.

தோட்டத்தைப் பொற்காலமாக்கிக் காட்டுவதும் நம் நோக்கமன்று. ஒட்டாதவனை அடித்துத் திருத்த முயன்ற தகப்பனும், பிரம்பால் பேச வைக்க முயன்ற ஆசிரியரும் அங்கு இருந்தனர். தாங்க முடியாத மனக்கொதிப்பைக் கள்ளுக்கடையில் ஆற்றிக்கொண்டோரும் இருந்தனர். எல்லாவற்றிற்கும் மேலாக, 1911இல் பேராக்கில் நிறுவப்பட்ட மனநல மருத்துவமனை அமைந்த தஞ்சோங் ரம்புத்தான் என்னும் ஊர்ப்பெயர், நாடு முழுவதும் ஏச்சுச் சொல்லாகவே ஆகிவிட்டது. அப்பெயரைக் கேட்டு அஞ்சிய தலைமுறையினரே இன்று மனநல மருத்துவரிடம் போகலாமா என்று தயங்குகின்றனர். அத்தயக்கத்தை அறியாமை என்று ஒதுக்குவது நேர்மையன்று. அதற்கு வரலாறு உண்டு.

பின்னர்த் தோட்டங்கள் மாறின. ரப்பர் மரங்கள் இருந்த இடத்தைச் செம்பனை பிடித்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன. நீலாயிலும் செண்டாயானிலும் தோட்ட நிலங்கள் புதுநகரங்களாயின. லயத்தை விட்டவர்கள் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும், செனவாங் தொழிற்சாலைகளின் வேலைமாற்று முறைக்கும், காவலாளி வேலைக்கும் சென்றனர். வாரந்தோறும் மாறும் வேலைநேரம், பல மொழிகளில் கட்டளைகள், ஓயாத இரைச்சல், கைப்பேசிக் குழுக்களில் வந்து குவியும் செய்திகள் ஆகியன சேர்ந்துகொண்டன. 2013ஆம் ஆண்டு வரையறை ஆட்டிசக் கூறுகள் இளமையிலேயே இருந்திருக்க வேண்டும் என்கிறது. ஆயினும், சமூகம் கேட்பது ஒருவரின் ஆற்றலை மிஞ்சும்வரை அவை முழுமையாக வெளிப்படாமலும் போகலாம் என்றும், கற்றுக்கொண்ட உத்திகளால் மறைக்கப்படலாம் என்றும் சேர்த்தே கூறுகின்றது. தோட்டம் கலைந்தபின் 45 வயதில் நிலைகுலைந்த ஒருவரின் வாழ்வுக்கு இதைவிடத் தெளிவான உரை தேவையில்லை.

உறுதிப்பாட்டால் விளைவன

முதலில், அது தராததைக் கூறிவிடுவோம். ஆட்டிசத்தின் அடிப்படை இயல்பை மாற்றும் மருந்து இல்லை. மருத்துவமனையிலிருந்து வெளிவரும் ஒருவர் உள்ளே சென்ற அதே மனிதரே. வளர்ந்தோர்க்கென்று அமைந்த சேவைகளும் நம் நாட்டில் மிகக் குறைவு. உள்ளவற்றுள் பெரும்பகுதி தலைநகரைச் சுற்றியே உள்ளது.

தருவது யாது? பலருக்கு அது ஒரு விளக்கம். ஸ்காட்லாந்துப் பாடகி சூசன் பாயிலுக்கு, பிறப்பின்போது மூளை பாதிக்கப்பட்டதாகவே சிறுவயதில் கூறப்பட்டிருந்தது. 2012இல், ஐம்பது வயதைக் கடந்த நிலையில், அவருக்கு ஆஸ்பெர்கர் நிலை என்று உறுதி செய்யப்பட்டது. அதனை அடுத்த ஆண்டு வெளியிட்ட அவர், தமக்கு அது ஆறுதல் அளித்ததாகவே தெரிவித்தார். 'நான் கெட்டவன், சோம்பேறி, திமிர் பிடித்தவன்' என்று அரை நூற்றாண்டாகத் தம்மைத் தாமே ஏசி வந்தவர்க்கு, 'என் மூளை வேறு விதமாக அமைந்துள்ளது' என்னும் தொடர் சிறியதன்று. அத்துடன், நெடுநாள் மனச்சோர்வுக்கும் பதற்றத்திற்கும் மருந்துண்டும் பயன் காணாதவர்க்கு, அடிநிலை தெரிந்தால் மருத்துவம் திசை மாறும். மனச்சிதைவு என்று தவறாகக் கருதப்பட்டு வந்தவர்க்கு இது இன்னும் இன்றியமையாதது.

அடுத்தது சட்டவழி உரிமை. 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் நீண்டகால உடல், மன, அறிவு, புலன் குறைபாடுகளால் சமுதாயத்தில் முழுமையாகப் பங்கேற்க இயலாதோரைத் தன் வரையறைக்குள் கொண்டுவருகின்றது. 2010இல் மலேசியா மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐக்கிய நாட்டு உடன்பாட்டையும் ஏற்றது. சமூக நலத்துறையில் பதிவு செய்து அட்டை பெறுவோர்க்கு அரசு மருத்துவமனைக் கட்டண விலக்கு முதலிய சலுகைகள் உண்டு. அரசுப் பணிகளில் 1 விழுக்காட்டு ஒதுக்கீடு என்னும் கொள்கையும் உள்ளது. ஆயினும், அச்சட்டம் இயற்றப்பட்டபோது மீறுவோரைத் தண்டிக்கும் பிரிவுகள் அதில் இடம்பெறவில்லை என்பதைச் சட்ட அறிஞர் பலரும் குறைகூறியுள்ளனர். பதிவு கட்டாயமன்று. மருத்துவ உறுதிப்பாடு பெற்றவுடன் அட்டையும் பெற்றாக வேண்டும் என்று எண்ணிப் பலர் பின்வாங்குகின்றனர். அவை இரண்டும் வேறு வேறு முடிவுகள்.

அட்டையில் ஒரு நெருடலும் உண்டு. சமூக நலத்துறையின் 7 வகைப் பகுப்பில் ஆட்டிசம் தனித்து நில்லாமல் 'கற்றல் குறைபாடு' என்னும் வகையில் சேர்க்கப்பட்டு வந்துள்ளது. 30 ஆண்டுகள் வேலை பார்த்து, பிள்ளைகளைப் பட்டதாரிகளாக்கிய ஒருவர் தம் பெயருக்கு எதிரே அத்தொடரைக் காண விரும்புவாரா? விரும்பாவிடின் அது அவர் குறையன்று.

பிற விளைவுகளையும் எண்ண வேண்டும். தனியார் காப்புறுதி விண்ணப்பங்கள் உடல்நல, மனநல விவரங்களைக் கேட்பது வழக்கம். மறைத்துக் கூறின் பின்னர் இழப்பீடு மறுக்கப்படலாம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் குடியேற விழைவோர் அந்நாடுகளின் உடல்நல விதிகளை முன்கூட்டியே ஆராய்தல் நன்று. நம் சமுதாயத்தில் இவற்றினும் பெரிதாக அஞ்சப்படுவது திருமணம்: 'அவர்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருக்கிறார்' என்னும் பேச்சு மகளின் வரனைத் தடுக்குமோ என்ற அச்சம். ஆட்டிசத்தில் மரபுக்கூறு உண்டு என்பது உண்மையாதலால் இவ்வச்சத்திற்கு எளிய மறுமொழி இல்லை. எனினும், வீட்டில் ஏற்கெனவே ஒரு குழந்தைக்கு உறுதி செய்யப்பட்டிருப்பின், பெரியவரின் உறுதிப்பாடு புதிதாக எதையும் வெளிப்படுத்திவிடப் போவதில்லை. மாறாக, தாத்தாவும் அவ்வாறே என்று அறியும் பேரன் தனியனல்லன் என்று உணர்வான்.

சான்று தேடல்

பெரும்பாலார்க்கு வழி அரசு சுகாதார நிலையத்திலிருந்து தொடங்கும். அங்குள்ள மருத்துவ அதிகாரி மடல் கொடுப்பின், சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனை போன்ற இடங்களின் மனநலப் பிரிவிற்குச் செல்லலாம். சுகாதார நிலையத்தில் குடிமக்கள் செலுத்துவது 1 வெள்ளியே. காத்திருப்பு நீளும். தனியார் மருத்துவ உளவியலாளரிடம் காத்திருப்புக் குறைவு, செலவு மிகுதி. தோட்டத் தொழிலாளியின் ஓய்வூதியமற்ற முதுமைக்கு அது எட்டாத தொகையாகவும் ஆகலாம்.

கணினியில் கிடைக்கும் வினாத்தாள்களை நிரப்பிப் பார்ப்பது முதற்படியாகப் பலருக்கு அமைகின்றது. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் 2001இல் உருவாக்கிய 50 வினாத் தாளே அவற்றுள் பெரிதும் அறியப்பட்டது. அதில் 32 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் கருதத்தக்க அளவாகக் கொள்ளப்பட்டது. அது வடிகட்டும் கருவியேயன்றி உறுதிப்பாடு அன்று. மேலும், அதன் வினாக்கள் ஆங்கிலேய நடுத்தர வர்க்க வாழ்வில் முளைத்தவை. நாடக அரங்கத்திற்குச் செல்வீரா, அருங்காட்சியகத்திற்குச் செல்வீரா என்பது அவற்றுள் ஒன்று. இரண்டையும் காணாது 20 வயது வரை சுவா பெத்தோங்கில் வளர்ந்தவர் என்ன விடையளிப்பார்? வண்டி எண்களைக் கவனிக்கும் பழக்கம் உண்டா என்னும் வினாவிற்கு மட்டும் அவர் உடனே ஆம் என்பார்.

கண்ணோடு கண் நோக்குதலும் அத்தகையதே. மேலைநாட்டு மருத்துவம் கண் நோக்காமையை ஓர் அறிகுறியாகக் கொள்ளும். தோட்டத்தில் துரைக்கும் கிராணியாருக்கும் பெரியவர்க்கும் முன் கண் தாழ்த்தி நிற்பதே பணிவு என்று வளர்ந்தவரிடம் அவ்வறிகுறி பொருளிழக்கின்றது. எதிர்த்திசையிலும் இது தவறாகும்: உண்மையான கண் நோக்காமை, பணிவு என்று எண்ணப்பட்டே ஐம்பது ஆண்டுகள் மறைந்திருக்கலாம். பெண்கள் நிலை இன்னும் கடினம். பேசாதிருத்தல், வீட்டோடு இருத்தல், சொன்னதை அப்படியே செய்தல் ஆகியன பெண்ணுக்கு அணி என்று போற்றப்பட்டதால், தோட்டத்துப் பெண்ணொருத்தியின் ஆட்டிசத்தை எவரும் குறையாகவே கண்டிருக்க மாட்டார். பிறரைப் பார்த்து நடித்து மறைக்கும் உத்தியும் பெண்களிடம் மிகுதி என்று ஆய்வுகள் காட்டுகின்றன. இவற்றை மருத்துவருக்கு எடுத்துரைக்க, நோயாளியின் மொழியையும் வாழ்வையும் அறிந்த ஒருவர் உடன் செல்வது பயன்தரும். ஆனால், மகனோ மகளோ மொழிபெயர்ப்பாளராகச் சென்றால் தந்தை தம் உள்ளத்தைத் திறப்பாரா என்பதையும் நினைக்க வேண்டும்.

எல்லாவற்றினும் அரிது இளமைச் சான்று. முன்னர்க் கூறியவாறு, கூறுகள் குழந்தைப் பருவத்திலேயே இருந்தன என்பதை மருத்துவர் அறிய விரும்புவார். வழக்கமாகத் தாயைக் கேட்பர். 55 வயதினரின் தாய் உயிருடன் உள்ளாரா? உள்ளாராயினும், விடியுமுன் பால் வெட்டப் போன தாய், பகல் முழுதும் பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டிருந்தார். ஐந்து வயது வரை அப்பிள்ளையின் ஆட்டத்தையும் அழுகையையும் கண்டவர் ஆயாவே. நாற்பது பிள்ளைகளிடையே தனியே அமர்ந்திருந்த ஒருவனை அவர் நினைவில் வைத்திருக்கக்கூடும். அக்காமார், அடுத்த வீட்டார், கோயில் பூசாரி ஆகியோரும் கேட்கத்தக்கவரே. ஒரே லயத்தில் இருந்தவர்கள் சிதறிவிட்டனர். பழைய தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில்தான் அவர்களை மீண்டும் ஒன்றாகக் காண முடிகின்றது. அங்கு ஓரிரு மணிநேரம் பேசினால் மருத்துவமனை ஓராண்டில் திரட்டாத செய்தி கிடைக்கும். ஐயம் கொண்டவர் எத்தீர்மானத்திற்கு வருமுன்னும் இதனைச் செய்துவிடுதல் நன்று, ஏனெனில் தீர்மானத்திற்கு அவகாசம் உண்டு, நினைவு வைத்திருப்போர்க்கு இல்லை.

முடிவெடுத்தல்

நம் கருத்தை மறைக்காமல் கூறின், தற்போதைய வாழ்வில் ஏதேனும் ஒன்று முறிந்துகொண்டிருப்பவர் உறுதிப்பாட்டை நாடுவதே தக்கது. வேலை நிலைக்கவில்லை, மணவாழ்வு சிதைகின்றது, மருந்துண்டும் மனச்சோர்வு நீங்கவில்லை, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுகின்றது என்ற நிலைகளில் காத்திருத்தல் கூடாது; இறுதியிற் கூறியதற்கு அன்றே மருத்துவமனையை அணுக வேண்டும். வாழ்வு ஓரளவு அமைந்துவிட்டவர், தம்மைத் தாம் புரிந்துகொள்வதற்காக மட்டும் விரும்பினால் அதுவும் போதிய காரணமே. ஆனால் அவர் நாடாதிருந்தாலும் இழப்பில்லை. சான்றிதழ் இன்றியே இரைச்சலைத் தவிர்க்கலாம், தனித்திருக்க நேரம் ஒதுக்கலாம், மனைவியிடம் 'கோபமில்லை, களைப்பு' என்று விளக்கலாம்.

பிறர் வற்புறுத்தலால் செல்வது மட்டும் வேண்டாம். மருமகள் ஒருத்தி மாமனாரின் போக்கைப் பொறுக்காமல், 'அவரைக் கொண்டுபோய்ப் பாருங்கள்' என்று கூறுவதும், நாற்பது வயது அண்ணனைச் சொத்துத் தகராற்றில் 'மூளை சரியில்லாதவன்' என்று காட்ட இச்சொல்லைப் பயன்படுத்துவதும் நடக்கக்கூடியவையே. உறுதிப்பாடு உரியவருடைய உடைமை; அதனை யாரிடம் கூறுவது என்பதும் அவருடையதே. விடை 'இல்லை' என்று வருவதற்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும். இளமை வறுமை, வன்முறை, காது மந்தம், நெடுநாள் பதற்றம் ஆகியனவும் ஆட்டிசம் போலத் தோற்றம் தரும். நல்ல மருத்துவர் அவற்றைப் பிரித்தறிந்து கூறுவார்.

ஆசிரியர் எழுதும் மடல்

பழைய மாணவர் ஒருவர் வந்து, தம் பள்ளிப்பருவம் குறித்து ஒரு மடல் கேட்டால் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் என்ன எழுதுவது? 'நல்ல மாணவன், அமைதியானவன்' என்னும் நற்சான்று மருத்துவர்க்குப் பயன்படாது. 'ஆட்டிசம் இருந்ததென்றே நினைக்கிறேன்' என்பதும் ஆசிரியர் கூற வேண்டியதன்று. கண்டது மட்டுமே வேண்டும்: இடைவேளையில் எங்கே நின்றான், எவரோடு; பாட அட்டவணை மாறிய நாளில் என்ன செய்தான்; மரபுத்தொடர்ப் பாடத்தில் தொடரின் நேர்ப்பொருளையே பற்றிக்கொண்டானா; எதைப் பற்றி ஓயாது பேசினான்; மணியொலிக்கும் சுண்ணக்கட்டியின் கீறலுக்கும் எவ்வாறு நடந்துகொண்டான்; எந்த ஆண்டில் கற்பித்தீர்கள், அப்போது அவன் வயது என்ன. நினைவில்லாதவற்றை நினைவில்லை என்றே எழுதலாம். மலாய் மொழியில் ஒரு படியும் இணைத்தல் நன்று; ஆனால் மாணவன் கூறியதாக நினைவிலுள்ள சொற்களைத் தமிழிலேயே விட்டு, பொருளை அருகில் தருக. மரபுத்தொடரைப் பிழையாகப் புரிந்துகொண்ட ஒரு விடை, மொழிபெயர்த்தவுடன் தன் சான்றுத்தன்மையை இழந்துவிடும்.

விடுதலையின்போது நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. பின்னர்ப் பல மூடப்பட்டன, இணைக்கப்பட்டன, தோட்டத்திலிருந்து நகருக்கு இடம்பெயர்ந்தன. நெகிரி செம்பிலானில் இன்றுள்ள 60க்கு மேற்பட்ட பள்ளிகளுள் தோட்டப் பெயரைத் தாங்கியும் தோட்டத்தில் இல்லாதவை உள. இடம்பெயரும்போது பழைய மாணவர் பதிவேடுகளும், முன்னேற்ற அறிக்கைகளும், ஆசிரியர் குறிப்பேடுகளும் பெட்டிகளில் கட்டப்பட்டு, சில வேளை எரிக்கவும் படுகின்றன. 'வகுப்பில் பேசுவதில்லை, கணிதத்தில் முதல்நிலை, பிறருடன் விளையாடுவதில்லை' என்று எவரோ ஓர் ஆசிரியர் 1974இல் எழுதி வைத்த ஒரு வரி, இன்று ஒருவர் மருத்துவரின் மேசையில் வைக்கக்கூடிய ஒரே எழுத்துச் சான்றாக இருக்கலாம். அப்பெட்டிகள் எங்குள்ளன என்று தலைமையாசிரியர்கள் ஒருமுறை பார்த்து, படியெடுத்து வைக்கலாம்.